கடல் எல்லாத்தையும் விழுங்கிவிடுமா? ஒரு நம்பிக்கையின் வரலாறு

வரலாறு என்றவுடன் எங்களுக்கு ஞாபகம் வருவது அரசர்கள், உடன்படிக்கைகள், கிளர்ச்சிகள், அரசியல் யாப்புகள். கலைப்பீடத்துப் பரீட்சையில் வருவதும் அதுதான். காற்றுக்கும் கடலுக்கும் ஒரு வரலாறு இருக்கு என்று யாராவது சொன்னால், அது சயன்ஸ் பெடியளின்ர வேலை என்று தள்ளிவிடுவதே வழக்கம். ஆனால் கடந்த நூற்றைம்பது வருடங்களில் உலகத்தின் பொருளாதாரத்தையும் அரசியலையும் தாங்கி நின்ற நம்பிக்கைகளில் ஒன்று கடலைப் பற்றியது. "எவ்வளவு புகையை விட்டாலும் கடல் அதை விழுங்கிக்கொள்ளும்" என்பதுதான் அந்த நம்பிக்கை.

அதை ஆர் நம்பினார்கள், ஏன் நம்பினார்கள், எப்பிடி அது உடைந்தது, உடைந்த பிறகு என்ன தெரியவந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம். இதில் வருகிற இரசாயனவியல் க.பொ.த. சாதாரண தரத்தோடு நிற்கிறது, பயப்படத் தேவையில்லை.

நிலக்கரிக் காலத்தின் நிம்மதி

1859 இல் ஜோன் ரின்டல் என்ற பௌதிகவியலாளர் லண்டனில் செய்த பரிசோதனைகளில், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று காட்டினார். 1896 இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வான்தே அரீனியஸ் இன்னும் ஒரு படி போனார். காற்றில் இருக்கிற காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் பூமி 5 அல்லது 6 பாகை செல்சியஸ் சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்றைய கணிப்பைவிட இது கூட. ஆனாலும் கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் செய்த வேலை இது.

அப்படியென்றால் அரீனியஸ் பயந்திருக்க வேண்டுமே? பயப்படவில்லை. இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, சுவீடன் போன்ற குளிர் நாட்டில் இருந்து பார்த்தால் கொஞ்சம் சூடு கூடுவது நல்ல செய்திதான். உலகம் என்று அவர் சொன்னபோது எந்த உலகம் அவர் மனதில் இருந்தது என்று நாங்கள் கேட்கலாம். இரண்டாவது, கடல். தொழிற்சாலைகள் விடுகிற காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று அவர் பிறகு எழுதினார். மிஞ்சுவது மெல்ல மெல்லத்தான் சேரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் எடுக்கும்.

இந்த நினைப்புக்குப் பின்னால் அந்தக் காலத்துக் கடலாய்வும் இருந்தது. 1872 முதல் 1876 வரை பிரித்தானியக் கடற்படையின் சலஞ்சர் கப்பல் உலகத்தைச் சுற்றி வந்தது. அதில் இருந்த ஜோன் யங் புக்கனன் என்ற இரசாயனவியலாளர் கடல் நீரைக் கொதிக்க வைத்து, அதில் எவ்வளவு காபோனிக் அமிலம் இருக்கு என்று அளந்தார். அந்தப் பயணத்தில் சேர்த்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பிறகு ஸ்கொட்லாந்தில் பகுப்பாய்வு செய்தார். கடலுக்குள் பெருந்தொகை காபன் கரைந்து கிடக்கு என்பது அப்போதே விளங்கிவிட்டது. பாய்மரத்தோடு நீராவி இயந்திரமும் பூட்டிய கப்பல் அது. கடலின் காபனை அளக்கப் போன கப்பலே நிலக்கரியை எரித்துக்கொண்டுதான் போனது.

இன்றைய கணக்கில், கைத்தொழில் காலத்துக்கு முந்திய காற்றில் இருந்த காபனைப்போல 60 மடங்குக்கு மேல் கடலில் இருக்கு. இவ்வளவு பெரிய பாத்திரத்துக்குள் இன்னும் கொஞ்சம் ஊத்தினால் என்ன வந்துவிடப் போகுது? இதுதான் அந்தத் தலைமுறையின் தர்க்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு.

1938 இல் இந்த நிம்மதியைக் கெடுக்க ஒருவர் வந்தார். கை கலண்டர் காலநிலை விஞ்ஞானி அல்ல, பிரித்தானியாவில் நீராவி பற்றி ஆராய்ந்த ஒரு பொறியியலாளர். 147 வானிலை நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைச் சேர்த்து, பூமி சூடாகிக்கொண்டு வருகிறது என்றார். முந்திய ஐம்பது வருடங்களில் மனிதர் எரித்த எரிபொருளால் ஏறத்தாழ 15,000 கோடி தொன் காபனீரொட்சைட்டு காற்றில் சேர்ந்தது என்றும், அதில் நான்கில் மூன்று பங்கு காற்றிலேயே தங்கிவிட்டது என்றும் எழுதினார். துறைசார்ந்த அறிஞர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு நம்பாமல் விட்டார்கள். கடல் எங்கே போனது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

ஒட்டப்பட்ட ஒரு துண்டுத்தாள்

கதையின் திருப்பம் 1957 இல் வருகிறது. இடம் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனம். ஆட்கள் இரண்டு பேர்: றொஜர் றெவெல், ஹான்ஸ் சூஸ்.

இந்தக் கதைக்குள் யுத்தமும் இருக்கு. 1946 இல் அமெரிக்கா பிக்கினித் தீவில் அணுகுண்டுப் பரிசோதனை நடத்தியபோது கடலாய்வுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் றெவெல். கதிரியக்கக் கழிவு கடலில் விழுந்தால் எங்கே போகும், மேல் நீர் கீழ் நீரோடு கலக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்பதெல்லாம் அன்றைக்கு இராணுவத்துக்கும் தேவைப்பட்ட கேள்விகள். அமெரிக்கக் கடற்படையின் காசு இல்லாமல் அந்தக் காலத்துச் சமுத்திரவியல் இந்தளவு வளர்ந்திருக்காது. காலநிலை பற்றிய எங்கள் அறிவின் ஒரு வேர் பனிப்போருக்குள்தான் கிடக்கிறது.

சூஸ் கதிர்க்காபன் நிபுணர். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான வருடப் பழசு, அதனால் அவற்றில் கதிர்க்காபன் மிஞ்சியிருக்காது. அவற்றை எரித்தால் காற்றில் இருக்கிற கதிர்க்காபனின் பங்கு ஐதாகும். மர வளையங்களில் அந்த ஐதாக்கத்தை அவர் கண்டுபிடித்தார், ஆனால் அது மிகச் சிறிதாக இருந்தது. அப்படியென்றால் கடல் வேகமாக எடுத்துக்கொள்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு கடலுக்குள் போகுமுன் காற்றில் இருப்பது சராசரியாகப் பத்து வருடம் போல என்று இரண்டு பேரும் கணக்கிட்டார்கள். பழைய நம்பிக்கைக்கு இது புதுச் சாட்சி மாதிரித்தான் இருந்தது.

ஆனால் றெவெல் கடல் நீரின் இரசாயனத்தைத் தன்னுடைய மாணவர் காலத்திலிருந்தே படித்தவர். கட்டுரை முடிகிற நேரத்தில் அவருக்கு ஒன்று உறைத்திருக்கிறது. விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஸ்பென்சர் வேர்ட் பிற்காலத்தில் றெவெலின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் பார்த்தபோது, அந்த முக்கியமான பகுதி வேறு வகைத் தாளில் தட்டச்சுச் செய்யப்பட்டு, பழைய பிரதியின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. கட்டுரை எழுதி முடிந்த பிறகு சேர்த்த துண்டு அது. ஆவணக் காப்பகத்தில் தாளைத் தடவிப் பார்க்கிற வேலை வரலாற்று மாணவர்களுக்குத் தெரியும். விஞ்ஞானத்தின் வரலாறும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

அந்தத் துண்டில் என்ன இருந்தது? இதை ஒரு பஸ்ஸை வைத்து விளங்கலாம்.

சனம் நிறைந்த ஒரு பஸ். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பத்துப் பேர் இறங்குகிறார்கள், பத்துப் பேர் ஏறுகிறார்கள். அரை மணித்தியாலத்தில் முதல் இருந்த ஆட்களில் கனபேர் மாறிவிடுவார்கள். ஆனால் நெரிசல் குறையுமா? குறையாது. சூஸின் கதிர்க்காபன் அளந்தது ஆட்கள் மாறுகிற வேகத்தை. காற்றுக்குத் தேவையானது நெரிசல் எவ்வளவு குறையும் என்ற கணக்கு. இரண்டும் வேறு வேறு.

நெரிசல் ஏன் லேசில் குறையாது என்பதற்கு விடை இரசாயனத்தில் இருக்கு. கடலில் கரைகிற காபனீரொட்சைட்டு அங்கே இருக்கிற காபனேற்று அயனோடு சேர்ந்து இருகாபனேற்றாக மாறுகிறது. கடல் அவ்வளவு காபனைப் பிடித்து வைத்திருப்பது இந்த வழியால்தான். ஆனால் காபனேற்றின் கையிருப்பு அளவானது. வாயு கரையக் கரைய அது செலவாகிப் போகும், நீரின் அமிலத்தன்மை கூடும், அடுத்ததாக வருகிற வாயுவை ஏற்கிற திறன் குறையும். காற்றில் காபனீரொட்சைட்டு 10 சதவீதம் கூடினால், மேற்கடலில் கரைந்த காபன் ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே கூடும். இதை இன்றைக்கு 'றெவெல் காரணி' என்கிறார்கள். கடல் கூடக் கூட உள்ளே எடுக்க, அந்தக் காரணியும் கூடுகிறது. அதாவது கடலின் கை மெல்ல மெல்லச் சுருங்குகிறது.

மேல் நீர் ஆழ்கடலோடு கலந்தால் புது நீர் மேலே வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் ஆழ்கடல் முழுதாகப் புரள ஆயிரம் வருடம் போல எடுக்கும். தொழிற்சாலைகள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

அந்தக் கட்டுரையில் றெவெலும் சூஸும், மனிதர் தங்களை அறியாமலே புவி முழுவதையும் வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடத்துகிறார்கள் என்ற கருத்தைச் சொன்னார்கள். அதில் அச்சத்தைவிட ஒரு விஞ்ஞானியின் ஆவல்தான் கூட. தங்கள் துண்டுத்தாளின் முழு விளைவையும் அவர்களே அப்போது கணக்குப் போடவில்லை. 1959 இல் சுவீடனைச் சேர்ந்த பேர்ட் போலினும் எரிக் எரிக்சனும்தான் அதைச் செய்தார்கள். 2000 ஆம் ஆண்டளவில் காற்றில் காபனீரொட்சைட்டு கால்பங்கு கூடும் என்றார்கள். உண்மையில் கூடியதும் அதைவிட அதிகம் தள்ளியில்லை. பிறகு 1988 இல் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு உருவானபோது அதன் முதல் தலைவரும் இந்தப் போலின்தான்.

அளக்கத் தொடங்கிய பிறகு

கணக்கு ஒரு பக்கம், ஆதாரம் வேண்டுமே. றெவெல் தன்னுடைய நிறுவனத்துக்கு அழைத்த இளைஞர் சார்ள்ஸ் டேவிட் கீலிங். சர்வதேசப் புவிப்பௌதிகவியல் ஆண்டுக்குக் கிடைத்த காசில், 1958 மார்ச் மாதம் ஹவாயின் மௌனா லோவா மலையில் கீலிங்கின் கருவி அளக்கத் தொடங்கியது. முதல் அளவு மில்லியனுக்கு 313 பங்கு. ஒன்றிரண்டு வருடங்களிலேயே ஏறுமுகம் தெரிந்துவிட்டது.

அந்த வரைபடத்தில் 1964 இல் ஒரு சின்ன இடைவெளி இருக்கு. எரிமலையும் இல்லை, புயலும் இல்லை. காசு வெட்டப்பட்டதால் சில மாதங்கள் அளவீடு நின்றது. இன்றைக்கு உலகமே பாடப்புத்தகத்தில் போடுகிற ஒரு கோடு, அன்றைக்கு ஒரு வரவு செலவுத் திட்டத்தின் கையில் இருந்தது.

காற்றில் கூடுவது தெரிந்தாலும், எரித்ததில் ஏறத்தாழ பாதி காற்றில் இல்லை. மீதி எங்கே? ஒரு பகுதி காடுகளுக்கும் மண்ணுக்கும், மற்றப் பகுதி கடலுக்கும். கடலின் பங்கைக் கண்டுபிடிக்கப் பல தசாப்தங்கள் கப்பல்களில் போய் நீர் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. 2004 இல் வெளியான ஒரு பெரும் ஆய்வின்படி, 1800 க்கும் 1994 க்கும் இடையில் மனிதர் விட்டதில் ஏறத்தாழ 11,800 கோடி தொன் காபன் கடலுக்குள் போயிருந்தது. 2019 இல் வந்த அடுத்த கணக்கு, 1994 முதல் 2007 வரை இன்னும் 3,400 கோடி தொன் போனதாகக் காட்டியது. வருடத்துக்கு 260 கோடி தொன். இன்றைக்கும் நாங்கள் விடுகிறதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடலுக்குள்தான் போகிறது.

ஆக, பழைய நம்பிக்கை முழுப் பொய் இல்லை. கடல் விழுங்குகிறதுதான். ஆனால் ஆறில் ஐந்து இல்லை, இலவசமாகவும் இல்லை. கைத்தொழில் காலத்துக்கு முன்னர் 8.2 ஆக இருந்த மேற்கடலின் பிஎச் பெறுமானம் இன்று 8.1 க்குக் கிட்ட. எண்ணில் சிறிசாகத் தெரிந்தாலும், அது மடக்கை அளவு என்றபடியால் ஐதரசன் அயன்கள் கால்பங்குக்கு மேல் கூடியிருக்கு என்று அர்த்தம். முருகைக்கல்லும் சிப்பியும் தங்கள் ஓட்டைக் கட்டுவது செலவாகிக்கொண்டிருக்கிற அதே காபனேற்றை வைத்துத்தான்.

பனிக்குள் கிடந்த பழைய பதிவு

இன்னும் பின்னுக்குப் போக வேண்டுமென்றால் அந்தாட்டிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே ஆழத் துளைத்து எடுத்த பனித்தூண்களுக்குள் பழங்காலக் காற்று குமிழிகளாக அடைபட்டிருக்கு. 2008 இல் முழுமையாக வெளியான பதிவு 8,00,000 வருடங்களைக் காட்டுகிறது. உறைபனிக் காலங்களில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு 180 பங்குக்குக் கிட்ட, இடையில் வந்த சூடான காலங்களில் 280 க்குக் கிட்ட. மூச்சு இழுத்து விடுவது மாதிரித் திரும்பத் திரும்ப.

அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருந்தது? பெரும்பாலும் ஆழ்கடலுக்குள். உறைபனிக் காலத்தில் அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள தென் சமுத்திரம் மூடி போட்ட பானை மாதிரி காபனை ஆழத்தில் வைத்திருந்தது என்றுதான் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 18,000 வருடங்களுக்கு முன் அந்த மூடி திறபடத் தொடங்கியது. ஏறத்தாழ 7,000 வருடங்களில் காற்றில் 80 பங்கு போலக் கூடியது.

இதை மௌனா லோவாவோடு வைத்துப் பாருங்கள். 1958 இல் 313, இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. எழுபது வருடங்கூட ஆகவில்லை, 100 க்கு மேல் கூடியாச்சு. அதோடு திசையும் மாறிப்போச்சு. உறைபனிக் காலம் முடிந்தபோது கடல் கொடுத்தது, காற்று வாங்கியது. கைத்தொழில் புரட்சிக்கு முன்னரும், ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த காபனால், கடல் மொத்தத்தில் கொஞ்சம் கொடுக்கிற பக்கமாகவே இருந்தது. இப்போது வாங்குகிற பக்கம். வரலாற்றில் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்வதானால் இதையும் சொல்ல வேண்டும்.

கடல் ஒரே மாதிரி இல்லை

"கடல்" என்று ஒருமையில் சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கு. வட அத்திலாந்திக்கின் குளிர் நீர் வாயுவை உள்ளே இழுக்கும். மத்திய கோட்டுப் பசிபிக்கில் ஆழத்து நீர் மேலே வருவதால் வாயு வெளியே போகும். எல் நினோ வருடங்களில் அந்த மேலெழுச்சி குறைவதால் பசிபிக் விடுகிற அளவும் குறையும்.

தென் சமுத்திரத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1980 களிலிருந்து அங்கே காற்றின் வேகம் கூடியதால் காபன் நிறைந்த ஆழ்நீர் மேலே வந்து, அந்தக் கடல் உறிஞ்சும் திறன் பலவீனமாகிறது என்று 2007 இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2015 இல் வந்த இன்னொரு ஆய்வு, 2002 அளவிலிருந்து அது திரும்பவும் வலுப்பெற்றதாகக் காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற ஆய்வுகள் இல்லை. கடலின் உறிஞ்சல் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கக்கூடியது, அதை ஒரு நிலையான வங்கிக் கணக்காக நம்ப முடியாது என்பதைத்தான் இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

எங்கட பக்கத்துக் கடலும் இந்தக் கதைக்குள் இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் சோமாலியா, ஓமான் கரைகளில் ஆழத்து நீர் மேலெழும்பி, அரபிக்கடல் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது. எங்களுக்கு மழையைக் கொண்டுவருகிற அதே காற்றுத்தான். 1962-63 இல் ஸ்கிரிப்ஸ் கப்பல்கள் லூசியாட் என்ற பயணத்தில் இந்து சமுத்திரத்துக்கு வந்தபோது, கீலிங்கின் குழு மேற்கடலின் வாயுவை அளந்தது. அதன்பின் வேறு பயணங்களும் நடந்தன. ஆனாலும் அத்திலாந்திக்கோடும் பசிபிக்கோடும் ஒப்பிட்டால் இந்து சமுத்திரத்தின் அளவீடுகள் இன்றுவரை மிகக் குறைவு.

இது யாருடைய கணக்கு?

இந்த வரலாற்றில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது மூன்று விடயம்.

முதலாவது, நிம்மதி தருகிற நம்பிக்கைகள் எப்பவும் யாரோ ஒருவருடைய வசதிக்குப் பொருந்தி வரும். கடல் விழுங்கும் என்ற நினைப்பை ஒரு சதி என்று சொல்ல முடியாது, நேர்மையான விஞ்ஞானிகள்தான் அதை நம்பினார்கள். ஆனால் நிலக்கரியில் ஓடிய சாம்ராச்சியங்களுக்கு அது எவ்வளவு பொருத்தமான விஞ்ஞானமாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்கும் "தொழில்நுட்பம் எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கும்" என்று கேட்கும்போது இந்தப் பழைய கதை ஞாபகத்தில் இருப்பது நல்லது.

இரண்டாவது, கடலுக்குள் போனது மறைந்து போகவில்லை. நாளைக்கு மனிதர் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுக்கத் தொடங்கினால், கடல் தன்னிடம் உள்ளதில் ஒரு பங்கைத் திரும்ப வெளியே விடும். அதனால் காற்றில் ஒரு தொன்னைக் குறைக்க ஒரு தொன்னைவிடக் கூட எடுக்க வேண்டியிருக்கும். 1900 இல் மான்செஸ்டரில் எரித்த நிலக்கரியின் மிச்சமும் அந்தக் கணக்கில் வரும். எரித்த நாடுகள் சில, அதைத் தாங்குகிற கடல் எல்லாருடையதும். காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் வரலாற்றுப் பொறுப்பு என்ற சொல் வரும்போது, அதைச் சும்மா உணர்ச்சிப் பேச்சு என்று தள்ள முடியாதது இதனால்தான். கடல் நீரில் அதற்கு ஆதாரம் கரைந்து கிடக்கிறது.

மூன்றாவது, பதிவு. கீலிங்கின் கோட்டில் சில மாத இடைவெளிதான். இந்து சமுத்திரத்தில் அப்படியான இடைவெளிகள் வருடக்கணக்கில், பரப்புக்கணக்கில் இருக்கு. பதிவு இல்லாத மக்களுக்கு வரலாறு இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், அது பிழை என்று நாங்கள் படிக்கிறோம். பதிவு இல்லாத கடலுக்கும் அதே நிலைமைதான்: கணக்கு நடக்கும், ஆனால் எழுதுகிறவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள். எங்களைச் சுற்றி இருக்கிற நீரை யார் அளக்கிறார்கள், அந்தத் தரவு யாரிடம் இருக்கு, எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு அதில் என்ன இடம் என்பதை விஞ்ஞான பீடம் மட்டும் கேட்டால் போதாது. வரலாறு படிக்கிறவர்களும் பொருளியல் படிக்கிறவர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் அவை.